விதியைக் கணினி மாதிரியில் ஏற்றிச் சோதிக்கலாமா, எதுவரை நம்பலாம்?

கேள்வி கேட்டவர் கணினி அறிவியலில் பட்டம் பெற்றபின் இப்போது ஈரோட்டில் சட்டம் படிப்பதாக எழுதியிருக்கிறார். மென்பொருளில் பிழை இருக்கிறதா என்று பார்க்க நாம் பயன்படுத்தும் மாதிரியாக்க முறைகளைக் கொண்டு அரசின் விதிமுறைகளும் ஆணைகளும் தரமானவையா என்று சோதிக்க முடியுமா, முடியுமென்றால் எங்கே தொடங்குவது என்பது அவர் கேட்டதன் சுருக்கம். இதற்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒரு விதி தனக்குள் முரணில்லாமல், விடுபாடில்லாமல், ஒரே பொருள் தரும்படி எழுதப்பட்டிருக்கிறதா என்பது ஒன்று. அது எதற்காக இயற்றப்பட்டதோ அதைச் செய்கிறதா என்பது மற்றொன்று. முதலாவதைக் கணினி பெரும்பாலும் தானாகவே கண்டு சொல்லும். இரண்டாவதைச் சொல்ல வேண்டுமானால், அந்த விதியிடம் நாம் என்ன எதிர்பார்க்கிறோம் என்பதை முதலில் நாம் எழுதிக் கொடுக்க வேண்டும். எதிர்பார்ப்பை எழுதாமல் சட்டத்தை மட்டும் கணினியிடம் கொடுத்துத் தரத்தைக் கேட்பவருக்கு உருப்படியான பதில் எதுவும் கிடைக்காது. நான் சொல்லப்போவது ஏறக்குறைய முழுவதும் இதன் விரிவுதான்.

என் நிலையையும் சொல்லிவிடுகிறேன். கோவையிலும் திருப்பூரிலும் ஆலைகளுக்கும் பின்னலாடை நிறுவனங்களுக்கும் சம்பளம், வரி, ஜாப் ஒர்க் (பொருளை வெளியே அனுப்பிக் கூலிக்கு வேலை செய்து வாங்குவது) கணக்கு ஆகியவற்றுக்கான மென்பொருளைப் பல ஆண்டுகள் எழுதியவன் நான். இப்போது கல்லூரியில் முறைசார் சரிபார்ப்பை, அதாவது நிரல் சரியானதா என்று தருக்க முறையில் சோதிப்பதை, கற்பிக்கிறேன். சட்டத்தை நிரலாக மாற்றும் வேலை எனக்குப் பழக்கமானது. வழக்கறிஞன் அல்லன் என்பதால், ஒரு பிரிவுக்கு நீதிமன்றம் என்ன பொருள் கொள்ளும் என்ற இடத்தில் என் சொல்லை இறுதியாகக் கொள்ள வேண்டாம்.

எல்லார் வீட்டுக்கும் வரும் மின் கட்டணத்திலிருந்து தொடங்குகிறேன். 2022 செப்டம்பரில் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்த வீட்டு மின் கட்டணத்தில் இரண்டு மாதங்களுக்கு முதல் 100 யூனிட் இலவசம். மொத்தப் பயன்பாடு 500 யூனிட்டுக்குள் இருந்தால் அடுத்த 100 யூனிட்டுக்கு 2.25 ரூபாய், 400 வரை 4.50 ரூபாய், 500 வரை 6 ரூபாய். மொத்தம் 500ஐத் தாண்டிவிட்டால் வேறொரு அட்டவணை. அதில் 101 முதல் 400 வரை எல்லாமே 4.50 ரூபாய், 500 வரை 6, அதற்கு மேல் 8 ரூபாயில் தொடங்கி ஏறிக்கொண்டே போகும். கணக்குப் போட்டால் 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய், 501 யூனிட்டுக்கு 1,958 ரூபாய். கடைசி ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய் ஆகிறது. 2024இல் வீதங்கள் உயர்ந்தபோதும் இந்த இரட்டை அட்டவணை அமைப்பு அப்படியே இருந்தது. இந்த அட்டவணையை ஒரு தீர்வியில், அதாவது கொடுத்த நிபந்தனைகளுக்குப் பொருந்தும் மதிப்புகளைத் தேடித்தரும் மென்பொருளில், ஏற்றி, ஒரு யூனிட் கூடினால் கட்டணம் 11 ரூபாய்க்கு மேல் கூடக் கூடாது என்ற நிபந்தனையையும் கொடுத்து, அதை மீறும் எடுத்துக்காட்டு ஒன்று தா என்று கேட்டால், கணப்பொழுதில் 500 என்ற எண்ணைக் காட்டிவிடும். உச்ச வீதமே 11 ரூபாய்தான் என்பதால் அந்த நிபந்தனை நியாயமாகவே தோன்றும்.

இது பிழையா? இல்லை. 500 யூனிட்டுக்குள் பயன்படுத்துவோருக்கு மானியம், தாண்டியவருக்கு அதில் ஒரு பகுதி கிடையாது என்பது தெரிந்தே எடுத்த கொள்கை முடிவு. அது பிடிக்காமல் போகலாம், ஆனால் அது எழுத்துப் பிழை அன்று. இதே வடிவமுள்ள வேறொன்றைப் பாருங்கள். 2023 பிப்ரவரி மத்திய வரவுசெலவுத் திட்டத்தில் புதிய வருமான வரி முறையின் கீழ் 7 லட்சம் ரூபாய் வரை வருமானம் உள்ளவருக்கு 87ஏ பிரிவின் தள்ளுபடியால் வரி இல்லை என்று ஆக்கினார்கள். முதலில் வந்த வரைவின்படி 7,00,000 ரூபாய் ஈட்டியவருக்கு வரி சுழியம். 7,00,100 ரூபாய் ஈட்டியவருக்கோ, மேல்வரி சேர்க்காமலே, 25,010 ரூபாய். நூறு ரூபாய் கூடுதலாகச் சம்பாதித்ததற்கு இருபத்தையாயிரம் கட்ட வேண்டும். மசோதா நிறைவேறுவதற்கு முன்பே மார்ச் மாதத் திருத்தத்தில் விளிம்பு நிவாரணம் சேர்க்கப்பட்டது. 7 லட்சத்தைத் தாண்டிய தொகையை விட வரி அதிகமாக இருக்கக் கூடாது என்பது அதன் சாரம். கணிதத்தில் மின் கட்டணத்தின் தாவலும் வரியின் தாவலும் ஒரே சாதி. ஒன்று கொள்கையாக நிற்கிறது, மற்றொன்று திருத்தப்பட்டது. அந்த வேறுபாடு அட்டவணைக்குள் எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. இயற்றியவரின் நோக்கத்தில்தான் இருந்தது. கருவி இரண்டையும் ஒரே மாதிரி சுட்டிக்காட்டும், அதற்கு மேல் ஒன்றும் சொல்லாது.

திருப்பூர்க்காரர்களுக்கு இன்னொன்றும் நினைவுக்கு வரும். 2025 செப்டம்பர் 22 முதல் ஆயத்த ஆடைக்கு ஒரு உருப்படி 2,500 ரூபாய் வரை 5 சதவீதமும் அதற்கு மேல் 18 சதவீதமும் ஜி.எஸ்.டி. இதனால் வரியோடு சேர்ந்த விலை 2,625 ரூபாய்க்கு மேல், 2,950 ரூபாய் வரை உள்ள ஆடை என்று ஒன்று சட்டப்படி இருக்கவே முடியாது. தீர்வியிடம் 2,800 ரூபாய்க்கு ஒரு சட்டை காட்டு என்று கேட்டால் இயலாது என்று பதில் வரும். வணிகரின் நடத்தையை இந்த வெற்றிடம் எப்படி வளைக்கும் என்பதைத் தீர்வி சொல்லாது, அது பொருளியல்.

வரலாற்றில் இந்த முயற்சி புதிதன்று. 1957லேயே லேமன் ஆலன் என்ற அமெரிக்க அறிஞர், சட்ட வாசகங்களைக் குறியீட்டுத் தருக்கத்தில் எழுதினால் ஈரடியான வாக்கியங்கள் வெளிப்பட்டுவிடும் என்று எழுதினார். 1986இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியைச் சேர்ந்த மாரெக் செர்காட், ராபர்ட் கோவால்ஸ்கி முதலியோர் 1981ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் குடியுரிமைச் சட்டத்தின் பெரும்பகுதியை, தருக்க விதிகளையே நிரலாக எழுதும் புரோலாக் மொழியில் எழுதிக் காட்டினார்கள். பிரிட்டனில் பிறந்தவரின் தாயோ தந்தையோ குடிமகனாகவோ அங்கே நிலையாகக் குடியேறியவராகவோ இருந்தால் பிறந்தவரும் குடிமகன் என்ற முதல் பிரிவு, புரோலாக்கின் அமைப்புக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியது. ஆனால் அடுத்த உட்பிரிவிலேயே சிக்கல் வந்தது. கைவிடப்பட்ட நிலையில் கண்டெடுக்கப்படும் பச்சிளங்குழந்தை, மாறாக மெய்ப்பிக்கப்படாதவரை, அந்த நிபந்தனைகளை நிறைவு செய்ததாகவே கொள்ளப்படும் என்கிறது அது. மெய்ப்பிக்கப்படாதவரை என்றால் என்ன? இன்று சான்று இல்லை என்பதும், சான்றே இருக்க முடியாது என்பதும் ஒன்றல்ல; பின்னாளில் பெற்றோர் யாரென்று தெரியவந்தால் அந்தக் குடியுரிமை என்னாகும்? நிரலாக எழுத முனைந்தவர்கள் இதைக் கடந்தே ஆக வேண்டியிருந்தது. சாதாரணமாகப் படிப்பவர் இதைக் கவனிக்காமல் அடுத்த வரிக்குப் போய்விடுவார்.

இதில் எனக்கு ஐயமே இல்லாத ஒன்று உண்டு: விதியின் குறைகளில் பெரும்பங்கு, கருவியை ஓட்டுவதற்கு முன்பே, மாதிரியை எழுதும் வேலையிலேயே வெளிப்பட்டுவிடுகிறது. ஜாப் ஒர்க் ஒரு நல்ல உதாரணம். மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் 143ஆம் பிரிவின்படி, வரி கட்டாமல் ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய உள்ளீட்டுப் பொருளை ஓராண்டுக்குள் திரும்பக் கொண்டுவர வேண்டும், அல்லது அங்கிருந்தே விற்றுவிட வேண்டும். தவறினால் அனுப்பிய நாளிலேயே அதை வழங்கியதாகக் கருதி வரி விதிக்கப்படும். இயந்திரங்கள் போன்ற மூலதனப் பொருள்களுக்கு மூன்று ஆண்டு. அச்சு, ஜிக் (பொருளைப் பிடித்து நிறுத்தும் கருவி) போன்றவற்றுக்கு இந்தக் கெடு கிடையாது. படிக்கத் தெளிவாகவே இருக்கிறது. இப்போது இதற்கு ஒரு தரவு மாதிரி வரையுங்கள். எந்தப் பொருளுக்கு அனுப்பிய தேதியும் திரும்பிய தேதியும் என்ற கட்டங்களைப் போடுவீர்கள்? துணி சாயப்பட்டறைக்குப் போகும்போது கிலோ கணக்கில் போகிறது. ஜனவரியில் போன சரக்கும் மார்ச்சில் போன சரக்கும் ஒரே நிறத்துக்குச் சேர்ந்து சாயத்தொட்டியில் இறங்குகின்றன. திரும்பும்போது எடையும் மாறியிருக்கிறது. திரும்பி வந்த 400 கிலோ எந்தச் சலானை (அனுப்புச் சீட்டை) சேர்ந்தது? முதலில் போனதே முதலில் வந்தது என்று மென்பொருள் எழுதுபவர் தாமே ஒரு விதியை இட்டுக்கொள்கிறார். பொருளைத் தனித்தனியே அடையாளம் காண முடியும் என்ற எண்ணத்தில் எழுதப்பட்ட பிரிவு, அடையாளம் கலந்துபோகும் பொருளுக்கும் பொருந்துகிறது. பட்டறையிலிருந்து பிரிண்டிங்குக்கும், அங்கிருந்து தையலுக்கும் நேரே போகும் சரக்குக்குக் கெடு எந்த நாளிலிருந்து ஓடுகிறது என்பதற்கும் கட்டத்தில் ஏதேனும் ஒரு தேதியைப் போட்டாலொழிய மாதிரி நகராது. சட்டத்தின் 19ஆம் பிரிவே, உங்கள் இடத்துக்கு வராமல் நேரடியாக ஜாப் ஒர்க்கரிடம் போன சரக்குக்கு அவர் பெற்ற நாளிலிருந்து கணக்கு என்று தனியாகச் சொல்லியிருக்கிறது. அதாவது இயற்றியவர்கள் இப்படிப்பட்ட ஒரு சிக்கலை முன்கூட்டியே கண்டு ஒரு வாசலை அடைத்திருக்கிறார்கள். எத்தனை வாசல் உண்டு என்பதைப் படம் வரைந்தால்தான் எண்ண முடியும்.

இன்னும் எளிய கருவி முடிவு அட்டவணை. ஒரு விதியில் உள்ள ஆம்–இல்லை நிபந்தனைகளை மேலே வரிசையாக எழுதி, அவற்றின் எல்லாச் சேர்க்கைகளுக்கும் ஒரு வரி ஒதுக்கி, விதி அந்த வரிக்கு என்ன சொல்கிறது என்று நிரப்புவதுதான் முறை. மூன்று நிபந்தனை என்றால் எட்டு வரி, கையாலேயே போடலாம். பத்து என்றால் 1,024. இருபது என்றால் பத்து லட்சத்தைத் தாண்டும், அங்கே தீர்வி வேண்டும். ஏதும் எழுதப்படாமல் வெற்றாக நிற்கும் வரி விடுபாடு. இரண்டு வெவ்வேறு முடிவுகள் மோதும் வரி முரண். இந்த இரண்டையும் கண்டுபிடிப்பதில் கணினி ஒருபோதும் களைப்பதில்லை, தவறுவதுமில்லை. நிபந்தனைகளைச் சரியாகப் பெயர்த்திருந்தால், அது முரணில்லை என்று சொன்னால் முரணில்லை.

காலத்தோடு மாறும் விதிகளுக்கு அட்டவணை போதாது, ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்கு எப்படிப் போகலாம் என்று காட்டும் நிலைமாற்ற மாதிரி வேண்டும். இதைக் கீழ்பவானியை வைத்து விளக்குகிறேன், ஏனென்றால் கேட்டவரின் ஊரில் இது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். பவானிசாகர் அணையிலிருந்து புறப்படும் கீழ்பவானிக் கால்வாய் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் ஓடி 2,07,000 ஏக்கருக்குப் பாய்கிறது. கால்வாயின் கொள்ளளவு நொடிக்கு 2,300 கன அடி. முழு ஆயக்கட்டுக்கும் ஒரே போகத்தில் நஞ்சைக்குத் தண்ணீர் கிடையாது. 1,03,500 ஏக்கர் வீதம் இரண்டாகப் பிரித்து, முறை வைத்து விடுகிறார்கள். பிரதானக் கால்வாயின் இரட்டைப்படை மதகுகளும் சென்னசமுத்திரம் பகிர்மானக் கால்வாயின் ஒற்றைப்படை மதகுகளும் என்று திறப்பு உத்தரவில் வருவதைச் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். மறுமுறை இது தலைகீழாகும். நான் இனிச் சொல்லும் இரண்டு வாசகங்களும் விளக்கத்துக்காக நானே எழுதியவை, நீர்வளத் துறையின் உத்தரவு வாசகம் அன்று என்பதைத் தெளிவாக்கிவிடுகிறேன்.

முதல் வாசகம்: ஒற்றைப்படை ஆண்டுகளில் 'அ' அணி மதகுகளுக்கும் இரட்டைப்படை ஆண்டுகளில் 'ஆ' அணி மதகுகளுக்கும் நஞ்சைக்குத் தண்ணீர் விடப்படும்; அணையில் இருப்பு போதாத ஆண்டில் நஞ்சைக்குத் திறப்பு இல்லை. இரண்டாம் வாசகம்: சென்ற முறை நஞ்சைக்குத் தண்ணீர் பெறாத அணிக்கு இம்முறை விடப்படும், போதாத ஆண்டில் திறப்பு இல்லை. படிக்கும்போது இரண்டும் ஒன்றே என்று தோன்றும், மழை தவறாத ஆண்டுகளில் ஒன்றேதான். இதை மாதிரியாக்க அணையின் 105 அடியும் 32.8 டி.எம்.சி.யும் வேண்டியதில்லை. இருப்பு போதும், போதாது, போகத்தின் நடுவே தீர்ந்துவிடும் என்ற மூன்று மதிப்புகளும், கடைசியாக யார் பெற்றார் என்ற ஒன்றும், ஆண்டு ஒற்றையா இரட்டையா என்ற ஒன்றும் போதும். எதை விடலாம் என்று தெரிவதே மாதிரியாக்கத்தில் பாதிக் கலை. பிறகு நம் எதிர்பார்ப்புகளை எழுத வேண்டும். இரண்டு அணிக்கும் ஒரே போகத்தில் நஞ்சைக்குத் திறக்கக் கூடாது என்பது 'ஒருபோதும் நடக்கக் கூடாது' வகை. ஒவ்வொரு அணியும் என்றாவது தன் முறையைப் பெற்றே தீரும் என்பது 'நடந்தே ஆக வேண்டும்' வகை.

கணினி அறிஞர் லெஸ்லி லாம்போர்ட் உருவாக்கிய, இத்தகைய மாதிரிகளைச் சோதிக்க உதவும் டி.எல்.ஏ. பிளஸ் போன்ற ஒரு கருவியில் இதை ஓட்டினால், முதல் எதிர்பார்ப்பு இரண்டு வாசகங்களிலும் நிறைவேறும். இரண்டாவது, முதல் வாசகத்தில் உடையும். கருவி வெறுமனே தவறு என்று சொல்லாது, ஒரு வரலாற்றையே எழுதிக் காட்டும்: முதலாண்டு இருப்பு போதும், 'அ'வுக்குத் திறப்பு, இரண்டாமாண்டு போதாது, திறப்பு இல்லை, மூன்றாமாண்டு போதும், மீண்டும் 'அ'வுக்குத் திறப்பு, நான்காமாண்டு போதாது, இப்படியே. வறட்சி இரட்டைப்படை ஆண்டுகளில் விழுந்தால் 'ஆ' அணிக்காரர் காலமெல்லாம் காத்திருப்பார். பல செயல்கள் ஒரே கணிப்பொறியைப் பங்குபோடும்போது ஒன்று மட்டும் முறையே கிடைக்காமல் கிடந்துபோவதைப் பற்றி நம் இயங்குதளப் பாடத்தில் படிப்போமே, அதே நிலைதான் இது. இருப்பு போதுமான ஆண்டு மீண்டும் மீண்டும் வரும் என்று கொண்டால், இரண்டாம் வாசகத்தில் இந்தக் குறை இல்லை. தவறிய முறை கைமாறிப் போகாமல் அவருக்கே காத்திருக்கும்.

ஆனால் அதிலும் கருவி ஒரு கேள்வி கேட்கும். போகத்தின் நடுவே இருப்பு தீர்ந்து, நாற்பதாம் நாளில் மதகை மூடினால், அந்த அணி தண்ணீர் 'பெற்றது' என்று கணக்கா? பெற்றதாகக் கொண்டால் பயிர் கருகியவர் அடுத்த முறைக்கும் பின்னால் தள்ளப்படுவார். பெறவில்லை என்றால் அவருக்கே மறுபடியும் திறக்க, மற்ற அணி கேள்வி எழுப்பும். பெற்றது என்பதற்கு எத்தனை நாள் ஓடியிருக்க வேண்டும் என்று விதி சொல்லியாக வேண்டும். இது மாதிரி நமக்குத் தரும் உண்மையான பரிசு. விடை எது என்பது விவசாயச் சங்கங்களும் துறையும் உட்கார்ந்து பேச வேண்டியது. ஆனால் கேள்வி வறட்சி வந்தபின் மதகடியில் எழாமல், விதி எழுதும் மேசையிலேயே எழுந்துவிடுகிறது. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: ஆண்டு விட்டு ஆண்டு வறட்சி என்றென்றும் நிகழ்வது இயற்கையில் நம்ப முடியாதது, ஆகவே விதி உடைவதைக் காட்டும் அந்த எடுத்துக்காட்டை வைத்து விதி பயனற்றது என்று யாரும் வாதிடக் கூடாது. நான்கு ஆண்டுக்குள் ஒரு முறையாவது கிடைக்க வேண்டும் என்பது போன்ற எல்லை கட்டிய எதிர்பார்ப்பாக மாற்றி ஓட்டிப் பார்ப்பதே பயன் தரும். அப்போது இரண்டே வறட்சி ஆண்டுகள் போதும், முதல் வாசகம் உடைந்துவிடும். அது நடக்கக் கூடியதுதான்.

சட்டத்துக்கே உரிய ஒரு சிக்கலையும் தொட வேண்டும். நம் சட்டங்கள் பொது விதியை முதலில் சொல்லி, பிறகு புரோவைசோ என்று வழக்கறிஞர்கள் சொல்லும் விலக்குரைகளை அடுக்கி, வேறோர் இடத்தில் 'எது எவ்வாறிருப்பினும்' என்று தொடங்கி எல்லாவற்றுக்கும் மேலே ஏறி நிற்கும் ஒரு பிரிவை வைக்கும். இதைச் சாதாரணத் தருக்கத்தில் அப்படியே பெயர்த்தால் எங்கு பார்த்தாலும் முரணாகத் தெரியும். உண்மையில் அவை முரண் அல்ல, முன்னுரிமை. ரேமண்ட் ரைட்டர் 1980இல் வகுத்த இயல்புநிலைத் தருக்கம், அதாவது விலக்கு இல்லாதவரை பொது விதியே செல்லும் என்று கொள்ளும் தருக்கம், இந்த அமைப்புக்குப் பொருந்துகிறது என்பதை அமெரிக்க வரிச் சட்ட அறிஞர் சாரா லாஸ்கி விளக்கினார். அதை அடித்தளமாகக் கொண்டு பிரான்சின் இன்ரியா ஆய்வு நிறுவனத்தில் டெனி மெரிகூவும் உடனிருந்தவர்களும் காட்டாலா என்ற நிரல் மொழியை உருவாக்கினார்கள்; சட்டத்தின் ஒவ்வொரு பத்தியின் அருகிலேயே அதற்கான நிரல் வரிகள் இருக்கும், வழக்கறிஞரும் நிரலரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுவார்கள். பிரெஞ்சுக் குடும்ப உதவித்தொகை விதிகளை அதில் எழுதியபோது அரசின் அதிகாரபூர்வக் கணிப்பானில் இருந்த ஒரு பிழை தெரியவந்ததாக 2021இல் வெளியிட்டார்கள். கவனியுங்கள், அங்கே பிழை சட்டத்தில் அன்று, சட்டத்தை நிரலாக்கியதில். நம் ஊரிலும் இந்த வகைப் பிழைதான் அன்றாடம் நம்மைக் கடிக்கிறது என்பது என் அனுபவம். விதி சரியாக இருக்கும், இணையதளத்தின் படிவம் வேறொன்றைச் செய்யும்.

இனி எல்லைகள். பல்லாண்டுகள் நம் ஆலைகளை ஆண்ட 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் 18ஆம் பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். குடிநீர் வைக்கும் இடம் கழிப்பறை, கழுவுமிடம் போன்றவற்றிலிருந்து ஆறு மீட்டருக்குள் இருக்கக் கூடாது, தலைமை ஆய்வாளர் எழுத்து மூலம் குறைந்த தூரத்தை ஏற்றிருந்தாலொழிய. 250 பேருக்கு மேல் வழக்கமாக வேலை செய்தால் வெயில் காலத்தில் குளிர்ந்த நீர் தர வேண்டும். இவை மாதிரிக்குள் எளிதில் அடங்கும். அதே பிரிவின் தொடக்கம், தகுந்த இடங்களில், தொழிலாளர் அனைவருக்கும் வசதியாக, போதிய அளவு நல்ல குடிநீர் என்கிறது. தகுந்த, வசதியாக, போதிய, நல்ல: இந்த நான்கையும் நான் எண்ணாக்கினால் அது என் சட்டமாகிவிடும். ஹார்ட் என்ற சட்டத் தத்துவ அறிஞர் 1958இல், பூங்காவுக்குள் வாகனம் கூடாது என்ற விதியை வைத்து, சொல்லின் மையம் தெளிவாக இருக்க, விளிம்பு எப்போதும் மங்கலாகவே இருக்கும் என்று வாதிட்டார். அந்த மங்கலைக் குறை என்று நினைப்பது நம்மைப் போன்ற நிரலர்களின் தொழில் நோய். ஆய்வாளருக்கும் நீதிபதிக்கும் வேண்டுமென்றே விட்டுவைத்த இடம் அது. மாதிரியில் அதை விளக்கப்படாத ஒரு சொல்லாகவே வைத்து, அது ஆம் என்றாலும் இல்லை என்றாலும் மற்ற விதிகள் ஒழுங்காக இயங்குகின்றனவா என்று பார்ப்பதோடு நிற்க வேண்டும்.

குறுக்குச் சுட்டுகளைச் சோதிப்பது மலிவான, பயனுள்ள வேலை: எந்தப் பிரிவு எதைச் சுட்டுகிறது என்று ஒரு வலைப்படம் வரைந்தால், வரையறுக்கப்படாத சொல், ஒன்றையொன்று சுட்டிச் சுழலும் வரையறை, இல்லாத பிரிவைக் காட்டும் சுட்டு எல்லாம் வெளிவரும். இதிலும் சட்டம் தெரியாத நிரலர் ஏமாறுவார். 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்தபின், பழைய விதிகளில் இருக்கும் தண்டனைச் சட்டச் சுட்டுகளையெல்லாம் கருவி அறுந்த சுட்டு என்று சிவப்புக் காட்டும். ஆனால் 1897ஆம் ஆண்டின் பொதுக் கூறுகள் சட்டத்தின் 8ஆம் பிரிவு, நீக்கி மீண்டும் இயற்றப்பட்ட சட்டத்தைச் சுட்டுவது புதியதைச் சுட்டுவதாகவே கொள்ளப்பட வேண்டும் என்று முன்பே சொல்லிவிட்டது. ஆகவே எந்த மத்தியச் சட்டத்தை மாதிரியாக்கினாலும் பொதுக் கூறுகள் சட்டத்தையும் கூடவே ஏற்ற வேண்டும். கெடு எண்ணும்போது தொடங்கும் நாளை விட்டுவிடுவது 9ஆம் பிரிவு. ஆண்டு, மாதம் என்பன ஆங்கில நாட்காட்டிப்படி என்பது 3ஆம் பிரிவு. ஜாப் ஒர்க்கின் ஓராண்டு என்று முடிகிறது என்பதற்கே இவை தேவைப்படும்.

உறுதியாகச் சொல்ல முடியாதவற்றையும் பிரித்துச் சொல்கிறேன். சிறிய எடுத்துக்காட்டுகளுக்குள்ளேயே பெரும்பாலான பிழைகள் அகப்பட்டுவிடும் என்பது அலாய் என்ற கருவியை உருவாக்கிய டேனியல் ஜாக்சனின் கருதுகோள். மூன்று உரிமையாளர், இரண்டு நிலம், நான்கு ஆண்டு என்ற அளவில் தேடினாலே போதும் என்று நானும் நடைமுறையில் கண்டிருக்கிறேன், ஆனால் அது நிரூபணம் அன்று. எதுவும் அகப்படவில்லை என்றால் அந்த அளவுக்குள் இல்லை என்று மட்டுமே பொருள். செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரிகளிடம் விதியைக் கொடுத்துத் தருக்க வடிவம் கேட்பது இப்போது பரவிவருகிறது. முதல் வரைவுக்கு அது உதவும். ஆயினும் விலக்குரை எந்த வாக்கியத்தோடு சேரும் என்ற இடத்தில், இரண்டு பொருளில் ஒன்றைச் சத்தமில்லாமல் தேர்ந்துகொண்டு மேலே போய்விடும் என்பதால், நாம் தேடும் குறையையே அது மூடிவிடும் ஆபத்து இருக்கிறது. அதன் மேல் எழுப்பிய நிரூபணத்துக்கு, ஒரு மனிதர் வரிக்கு வரி ஒத்துப் பார்க்காதவரை, நான் மதிப்புத் தரமாட்டேன்.

தொடங்குவதற்கு, சட்டம் முழுவதையும் எடுக்காதீர்கள். உங்கள் மாநகராட்சியின் ஒரு துணைவிதியையோ, ஒரு கட்டண ஆணையையோ எடுத்து, முதலில் மூன்று எதிர்பார்ப்புகளைச் சாதாரணத் தமிழில் எழுதுங்கள். பிறகு தாளில் முடிவு அட்டவணை. அது பெருத்தால் இசட்-3 போன்ற இலவசத் தீர்வி. முறை, கெடு, உரிமம் புதுப்பித்தல் போலக் காலம் நுழைந்தால் டி.எல்.ஏ. பிளஸ். கூட ஒரு வழக்கறிஞர் நண்பரை உட்கார வைத்துக்கொள்ளுங்கள். நீங்களே இரண்டும் ஆகப்போகிறீர்கள் என்றாலும், நாம் எழுதியதை நாமே படித்தால் நினைத்ததுதான் கண்ணில் படும். கண்டுபிடித்ததை எப்போது கொடுப்பது என்பதும் முக்கியம். மத்தியச் சட்டங்களின் கீழ் முன்வெளியீடு கட்டாயமான விதிகளுக்கு, வரைவை வெளியிட்டு ஆட்சேபணையும் யோசனையும் கேட்டு, குறித்த நாளுக்குப் பின்னரே அதைப் பரிசீலிக்க வேண்டும் என்பது பொதுக் கூறுகள் சட்டத்தின் 23ஆம் பிரிவு. அந்த நாளுக்குள் போய்ச் சேரும் ஒரு பக்கக் கடிதத்தில் மாதிரியையோ நிரலையோ இணைக்க வேண்டாம்; இன்ன நிலையில் உள்ள இன்னாருக்கு, வரைவின் இன்ன இரண்டு விதிகளும் இன்ன இரண்டு வேறு விடைகளைத் தருகின்றன என்று, எண்ணும் தேதியும் போட்ட ஒரே ஒரு எடுத்துக்காட்டை மட்டும் எழுதி அனுப்புங்கள்.